பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு பித்தநீர் கசிந்தால் என்ன செய்வார்கள்?

பித்தப்பையையே எடுத்தாகிவிட்டது, அப்புறம் எப்படிப் பித்தநீர் கசியும்? ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டாக்டர் வந்து "பைல் லீக் இருக்கிற மாதிரி தெரிகிறது, ஈஆர்சிபி செய்ய வேண்டியிருக்கும்" என்று சொன்னதும் வீட்டார் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். (ஈஆர்சிபி என்பது வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, குடல் பக்கமிருந்து பித்தநாளத்துக்குள் போய்ச் செய்யும் எண்டோஸ்கோப்பி.) நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி விஷயம் பாதி புரிந்த மாதிரி, அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை அல்ல, கல்லீரல். ஒரு நாளைக்குச் சுமார் 500 முதல் 1000 மில்லி வரை, இரவு பகல் இல்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். கல்லீரலுக்குள் இருக்கும் மெல்லிய நாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வலது இடது என்று இரண்டாகி, கல்லீரலை விட்டு வெளியே வந்ததும் ஒரே குழாயாகி, கீழே இறங்கி முன்சிறுகுடலில் திறக்கின்றன. அந்தக் குழாய்தான் பொதுப் பித்தநாளம். சாதாரணமாக 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருக்காது. பித்தப்பை அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கிளைக்குழாயால் இணைந்திருக்கும் சேமிப்பிடம், அவ்வளவுதான். 30 முதல் 50 மில்லி பித்தநீரைக் கெட்டியாக்கி வைத்திருந்து, நாம் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாடு சாப்பிட்டதும் சுருங்கி அதைக் குடலுக்கு அனுப்பும்.

பித்தப்பையை எடுப்பது என்றால், அந்தக் கிளைக்குழாயில் கிளிப் போட்டு அடைத்து, வெட்டி, கல்லீரலின் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பையை உரித்து வெளியே எடுப்பது. கல்லீரல் அப்படியே இருக்கிறது, பொது நாளம் அப்படியே இருக்கிறது, பித்தநீரும் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற வழியில் எங்காவது ஒரு வாய் திறந்திருந்தால் கசியத்தானே செய்யும்.

எங்கே கசியும்? பெரும்பாலும் கிளிப் போட்ட அந்தக் கிளைக்குழாயின் மீதமுள்ள நுனியில். கிளிப் நழுவியிருக்கலாம், இல்லை கிளிப் சரியாகவே இருந்தும் வீங்கி அழற்சியடைந்த திசு அதற்குப் பின்னால் நைந்து போயிருக்கலாம், அல்லது ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படுத்திய மின்கருவியின் சூடு பட்டுச் சில நாள் கழித்து ஓட்டை விழுந்திருக்கலாம். இரண்டாவது இடம், பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பரப்பு. அங்கே சிலருக்கு லுஷ்கா நாளங்கள் என்ற மிக மெல்லிய பித்தக்குழாய்கள் இருக்கும். பையை உரிக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாமலே அறுபட்டுவிடும். மூன்றாவது இடம் கொஞ்சம் பயப்பட வேண்டியது: பொது நாளத்திலேயே அல்லது அதன் பெரிய கிளையில் காயம். இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை எடுப்பவர்களில் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு, பல இடங்களில் அதற்கும் குறைவானவர்களுக்கே, இந்தக் கசிவு வருகிறது. கசிவு வந்துவிட்டது என்பதாலேயே டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று முடிவு கட்டிவிட முடியாது. கடுமையாக அழுகி ஒட்டிப்போன பித்தப்பையை முழுதாக எடுப்பது ஆபத்து என்று ஒரு பகுதியை விட்டுவைத்து வெளியே வருகிற டாக்டர்கள் உண்டு. அது பொது நாளத்தைக் காப்பாற்ற எடுக்கிற சரியான முடிவு, ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குக் கசிவு கூடுதலாகவே வரும்.

வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியது

இப்போதெல்லாம் லேப்ராஸ்கோப்பி முடிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கசிவின் அறிகுறிகளோ பெரும்பாலும் முதல் வாரத்தில், அதாவது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிய ஆரம்பிக்கின்றன. அங்கேதான் சிக்கல். "ஆபரேஷன் பண்ணிய வயிறு, வலிக்கத்தான் செய்யும்", "கேஸ் ஏற்றினார்களே, அந்தக் கேஸ் வலிதான்" என்று சொல்லி, சீரகத் தண்ணீர் கொடுத்து இரண்டு மூன்று நாள் தள்ளிவிடுவார்கள். அந்த இரண்டு மூன்று நாளில்தான் வயிற்றுக்குள் தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்து, எளிதாக முடிந்திருக்க வேண்டியது ஐசியூ வரைக்கும் போகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் நினைவில் நிற்கும் என்றால் அது அடுத்த பத்தியாக இருக்கட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கேஸ் காரணமாக வரும் தோள்பட்டை வலியும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறினால், வயிறு உப்பினால், காய்ச்சலோ குளிரோ வந்தால், எழுந்து நடக்கவே முடியாமல் சுருண்டு படுத்தால், கண் மஞ்சளானால், தையலுக்குப் பக்கத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ நீர் கசிந்தால், அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போய்விட வேண்டும். ரெவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் டேபிளிலேயே, உள்ளே தேங்கும் நீரை வெளியே ஒரு பைக்குள் வடிக்கும் டிரெயின் ட்யூப் வைத்திருந்தால் வேலை இன்னும் எளிது. பையில் இறங்கும் நீர் இளஞ்சிவப்பாக இருந்து வெளிறிக்கொண்டே போக வேண்டும். அது பச்சை கலந்த மஞ்சளாக மாறினால், வேறு சோதனையே இல்லாமல் விஷயம் தெரிந்துவிடும்.

சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்களையும் கல்லீரல் செயல்பாட்டையும் பார்ப்பார்கள். வயிற்றுக்குள் கசிந்த பித்தநீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி) கொஞ்சம் ஏறியிருக்கும், பல பேருக்கு ஏறாமலும் இருக்கும். அல்ட்ராசவுண்டும் சிடி ஸ்கேனும் நீர் தேங்கியிருக்கிறதா, எங்கே, எவ்வளவு என்று காட்டும். ஆனால் அது பித்தநீரா, ரத்தமா, சீழா என்று அவை உறுதியாகச் சொல்லாது. எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேன் நாளங்களின் அமைப்பைப் படம்போட்டுக் காட்டும். ஹைடா ஸ்கேனில் சிறிதளவு கதிரியக்க மருந்தை நரம்பில் போட்டு, அது பித்தத்தோடு கலந்து எங்கே போகிறது என்று பார்க்கலாம். குடலுக்குப் போகாமல் கல்லீரலுக்கு அடியில் சேர்ந்தால் கசிவு இன்னும் நடக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டையை அடைக்காமலே கசிவு நிற்கிறது

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். எண்டோஸ்கோப்பி மூலம் நாளத்துக்குள் வைக்கிற சிறு குழாயான ஸ்டென்ட் அந்த ஓட்டையைப் போய் அடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அது ஓட்டையைத் தொடுவதுகூட இல்லை.

பொது நாளம் குடலில் திறக்கிற வாயைச் சுற்றி ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. 1887-இல் இதை விரிவாக விவரித்த இத்தாலியர் ருஜ்ஜெரோ ஒட்டியின் பெயரால் ஒட்டி தசை என்கிறார்கள். இது எப்போதும் லேசாக இறுகியே இருக்கும், அதனால் நாளத்துக்குள் இருக்கும் அழுத்தம் குடலில் இருப்பதைவிடச் சற்று அதிகம். உடம்பு நன்றாக இருக்கும்போது இது தேவையான ஏற்பாடுதான். ஆனால் மேலே ஒரு ஓட்டை இருந்தால், பித்தநீருக்கு இறுகிய தசையைத் தாண்டிக் கீழே போவதைவிட ஓட்டை வழியாக வயிற்றுக்குள் போவது சுலபம். ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த ஓட்டை மூடவும் நேரம் கிடைப்பதில்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் நடுவில் சின்ன ஓட்டை இருக்கிறது என்று வையுங்கள். நுனியை விரலால் அழுத்திப் பிடித்தால் ஓட்டையிலிருந்து பீய்ச்சியடிக்கும். விரலை எடுத்துவிட்டால் தண்ணீர் பாட்டுக்கு நுனி வழியாகப் போய்விடும், ஓட்டையில் வருவது அநேகமாக நின்றுவிடும். டாக்டர் செய்வது அந்த விரலை எடுக்கிற வேலை. தசையைச் சில மில்லிமீட்டர் கீறி விடுவார், அல்லது தசைக்குக் குறுக்கே ஒரு ஸ்டென்டை வைத்து வாயைத் திறந்தே இருக்கச் செய்வார், அல்லது இரண்டையும் செய்வார். அழுத்தம் இறங்கியதும் பித்தநீர் குடலுக்குள் போய்விடும். கசிந்த இடம் காய்ந்து, நார்த்திசு சேர்ந்து, உடம்பே அதை மூடிக்கொள்ளும். கிளைக்குழாயின் நுனியிலும் லுஷ்கா நாளங்களிலும் வரும் கசிவு இப்படியே நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறிவிடுகிறது. எனக்கு மருத்துவத்தில் மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று: காயத்தை நேராகப் போய்த் தொடாமல், அது ஆறுவதற்கு வேண்டிய நிலைமையை மட்டும் உண்டாக்கிக் கொடுப்பது.

இது ஒரே நாளில் வந்த வழி அல்ல. பித்தப்பையை முதன்முதலில் 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புஹ் எடுத்தார். குடல் வழியாகப் போய்ப் பித்தநாளத்தின் வாய்க்குள் எண்டோஸ்கோப்பி மூலம் குழாய் நுழைத்தது 1968-இல் அமெரிக்காவில். அந்த வாய்த்தசையை எண்டோஸ்கோப்பியிலேயே வெட்டலாம் என்று 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியே செய்து காட்டினார்கள். அதற்கு முன்பு வரை, தானாக நிற்காத கசிவு என்றால் வயிற்றை மறுபடியும் திறப்பதுதான் வழி. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுப்பது 1985-இல் ஜெர்மனியில் எரிஷ் முய்ஹ தொடங்கி, தொண்ணூறுகளில் உலகம் முழுக்கப் பரவியபோது ஆரம்பத்தில் பித்தநாளக் காயங்களும் கூடின. அந்த நேரத்தில் இந்த எண்டோஸ்கோப்பி வழி கையில் இருந்தது பெரிய ஆறுதல்.

ஈஆர்சிபி அறைக்குள்

ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அயோடின் சாய மருந்து ஒத்துக்கொள்ளாதவர், கர்ப்பிணி, முன்பு இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர் என்றால் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இரைப்பை பைபாஸ் செய்தவருக்குக் குடலின் பாதையே மாறியிருக்கும், வழக்கமான கருவி அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சேராது.

மயக்கம் கொடுத்துக் குப்புறவோ இடது பக்கமாகவோ படுக்க வைப்பார்கள். எக்ஸ்ரே ஓடுவதால் அறைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஈய ஏப்ரன் போட்டிருப்பார்கள். வாய் வழியாகப் போகும் இந்தக் குழாயின் கேமரா நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும், ஏனென்றால் நாளத்தின் வாய் இருப்பது குடலின் பக்கச் சுவரில், ஒரு சின்ன மேடாக. அந்த மேட்டின் துளைக்குள் மெல்லிய கம்பியை நுழைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான கட்டம். பக்கத்திலேயே கணையத்தின் நாளமும் திறப்பதால் கம்பி அங்கே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பி சரியான நாளத்தில் ஏறியதும் சாய மருந்தை மெதுவாக விடுவார்கள். மானிட்டரில் பொது நாளம் கீழிருந்து மேலாகக் கோடு போல நிரம்பிக்கொண்டே வரும். ஆபரேஷனில் போட்ட உலோகக் கிளிப்புகள் பக்கத்தில் வரிசையாகத் தெரியும். கிளிப்பை ஒட்டி, எந்தக் குழாய்க்குள்ளும் அடங்காமல் சாயம் திட்டாகப் பரவினால் அதுதான் கசிகிற இடம். கல்லீரலுக்குள் இருக்கும் கிளைகள் நிரம்புவதற்கு முன்பே அந்தத் திட்டு தெரிந்துவிட்டால் பெரிய கசிவு என்றும், கிளைகள் எல்லாம் நிரம்பி அழுத்தம் ஏறிய பிறகுதான் தெரிகிறது என்றால் சிறிய கசிவு என்றும் கணக்கு வைத்துக்கொள்வார்கள். பொது நாளத்தில் ஒரு கல் தங்கியிருந்து, அதுவே அடைப்பாகி அழுத்தத்தை ஏற்றியிருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் அதையும் அதே நேரத்தில் எடுத்துவிடுவார்கள். கல்லை விட்டுவிட்டால் கசிவு நிற்காது.

பிறகு கம்பியின் மேலேயே ஸ்டென்டைத் தள்ளி ஏற்றுவார்கள். பிளாஸ்டிக் குழாய்தான், தடிமன் சுமார் 2.3 முதல் 3.3 மில்லிமீட்டர். வழுக்கி விழாமல் இருக்க இரண்டு முனையிலும் சிறு மடிப்பு இருக்கும். ஒரு முனை நாளத்துக்குள், மறுமுனை குடலுக்குள் நீட்டிக்கொண்டு. கம்பியை உருவியதும் அந்த முனையிலிருந்து மஞ்சள் நீர் குடலுக்குள் கொட்டுவது கேமராவில் தெரியும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். வயது குறைந்தவர்களுக்குத் தசையை வெட்டாமல் ஸ்டென்ட் மட்டும் வைப்பதை விரும்புகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். வெட்டினால் அது திரும்ப முழுதாகச் சேராது என்பதால் எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டென்ட் இனிமேல் கசிவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே வயிற்றுக்குள் தேங்கிய பித்தநீரை வெளியே எடுக்காது. அதற்கு அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக, நுனி சுருண்ட மெல்லிய பிக்டெயில் ட்யூப் ஒன்றை நுழைத்து வடிப்பார்கள். காய்ச்சல், சீழ் என்று ஆளே வாடிப்போயிருந்தால் இந்த வடிப்பும் ஆன்டிபயாட்டிக்கும்தான் முதலில், ஈஆர்சிபி அப்புறம். "ஸ்டென்ட் வைத்தாச்சே, இன்னும் எதற்கு ட்யூப்?" என்று கேட்டு ட்யூபை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். தினமும் காலையில் நர்ஸ் பையில் எத்தனை மில்லி இறங்கியது என்று குறிப்பார், அந்த எண்ணை நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 300, 180, 60 என்று அது இறங்கிக்கொண்டே போனால் நல்ல செய்தி. நின்ற பிறகு ட்யூபை எடுப்பார்கள்.

ஈஆர்சிபிக்கும் ஆபத்துகள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதலாவது கணைய அழற்சி. நூற்றில் 3 முதல் 10 பேருக்கு வரை வரலாம், பெரும்பாலும் லேசாக வந்து சில நாளில் சரியாகும், சிலருக்குக் கடுமையாகவும் போகும். அதைத் தடுக்கத்தான் ஆசனவாயில் டைக்ளோஃபினாக் அல்லது இன்டோமெத்தசின் மாத்திரை வைக்கிறார்கள். வலி மாத்திரையை ஏன் அங்கே வைக்கிறார்கள் என்று சங்கடப்பட வேண்டாம், பலன் தெளிவாகத் தெரிந்த பழக்கம் அது. தசையை வெட்டினால் ரத்தக்கசிவு, நாளத்தில் கிருமித் தொற்று, மிக அரிதாகக் குடலில் ஓட்டை, இவையும் உண்டு. செய்த நாளில் மேல்வயிற்று வலி முதுகு வரைக்கும் போனால், மலம் கருப்பாகப் போனால் உடனே சொல்ல வேண்டும்.

இது போதாத நேரங்கள்

முன்பு சொன்ன மூன்றாவது இடத்துக்கு வருகிறேன். கடுமையாக ஒட்டிப்போன பித்தப்பையில், பொது நாளத்தையே பித்தப்பையின் கிளைக்குழாய் என்று எடுத்துக்கொண்டு கிளிப் போட்டு வெட்டிவிட நேர்வதுண்டு. அரிதுதான், ஆனால் நடக்கிறது. அப்போது ஈஆர்சிபியில் சாயம் கிளிப் வரைக்கும் ஏறி அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேலே ஒன்றும் தெரியாது. பாதையே துண்டாகிவிட்ட இடத்தில் கீழே வாயைத் திறந்து வைத்து என்ன பயன்? இதற்கு வழி ஆபரேஷன்தான்: சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரலிலிருந்து வரும் நாளத்தோடு நேராகத் தைப்பது. தொற்றெல்லாம் அடங்குவதற்காகப் பல வாரங்கள் காத்திருந்து செய்வதும் வழக்கம். இதைக் கல்லீரல், பித்தநாள அறுவையையே தொழிலாக வைத்திருக்கும் குழு செய்யும்போது பலன் தெளிவாகவே நன்றாக இருக்கிறது. ஆகவே, "வேறு பெரிய சென்டருக்குப் போங்கள்" என்று டாக்டர் சொன்னால் அவர் கை கழுவுகிறார் என்று கோபப்படாதீர்கள். அது நோயாளிக்கு அவர் செய்கிற நல்ல காரியம்.

இன்னொன்று கண்ணை ஏமாற்றும். கல்லீரலின் வலப்பக்கத்திலிருந்து வரும் ஒரு கிளை சிலருக்குத் தாழ்வாக இறங்கிச் சேரும். அது தனியாக அறுபட்டுவிட்டால், ஈஆர்சிபி படத்தில் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும், ஆனால் டிரெயினில் பித்தம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அறுபட்ட கிளைக்கும் பொது நாளத்துக்கும் தொடர்பே இல்லை. நல்ல எம்ஆர்சிபி படத்தை அனுபவமுள்ளவர் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். பாதை எல்லாம் சரியாக இருந்தும் கசிவு மட்டும் நிற்கவில்லை என்றால், கூடுதல் ஸ்டென்டுகள் வைப்பதும், உறை போட்ட உலோக ஸ்டென்டை வைத்து ஓட்டையையே மறைப்பதும் அடுத்த படிகள்.

ஸ்டென்ட் உள்ளேயே இருந்துவிடக் கூடாது

வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்டை வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வலி போய்விட்டது, சாப்பாடு இறங்குகிறது, வேலைக்கும் திரும்பியாகிவிட்டது, அப்புறம் எதற்கு மறுபடி ஆஸ்பத்திரி என்று விட்டுவிடுவார்கள். சிலருக்கு உள்ளே ஸ்டென்ட் இருப்பதே தெரியாது, "எண்டோஸ்கோப்பி பண்ணினார்கள்" என்று மட்டும்தான் சொல்வார்கள். சுமார் மூன்று மாதத்துக்குப் பிறகு கிருமிப் படலமும் பித்தக் கசடும் சேர்ந்து ஸ்டென்ட் அடைபட ஆரம்பிக்கும். பிறகு குளிர் காய்ச்சல், மஞ்சள் காமாலை, நாளத்தில் சீழ், ஆண்டுக்கணக்கில் விட்டால் ஸ்டென்டைச் சுற்றியே கல். ஆறிய நோய்க்கு வைத்த கருவியே புது நோயாகிவிடும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் வைத்த தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். போனில் நினைவூட்டல் போடுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் போடுங்கள்.

எடுப்பது வைப்பதைவிடச் சின்ன வேலை. குடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுருக்குக் கம்பியால் பிடித்து வெளியே இழுத்துவிடுவார்கள், சில நிமிடம்தான். முதலில் பெரிய கசிவாக இருந்தவர்களுக்கு, எடுக்கும்போதே இன்னொரு முறை சாயம் விட்டு, கசிந்த இடம் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. சாதாரணமாக அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மயக்கம் கொடுத்திருப்பார்கள் என்பதால் வண்டி ஓட்ட மட்டும் கூட ஒருவர் வர வேண்டும்.